மூலை விட்டுப்போன ஃபிரேம்

டொராண்டோ
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாவடு உடையாமல் வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடுங்கள்.

தாத்தா படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கையால் வெட்டிப் போட்டுக் கொடுத்த அந்த மூன்று இஞ்ச் தேக்குச் சட்டம், இந்தக் குளிரில் நாலு மூலையும் விட்டுக்கொண்டது. உள்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது. வெளிமுனை மட்டும் ஆணியின் தயவில் ஒட்டி நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்பாவுக்குக் கை தளர்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் வேலை பார்க்கும் ஃபிரேம் கடைக்கு எடுத்துப்போனேன். முதலாளியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெட்டு சரியாகத்தான் இருக்கிறது" என்றார். மரம் நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாட்டில்தான் சுருங்கும். இங்கே நாள் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. நம் உதடே வெடிக்கும்போது மரம் என்ன செய்யும்? சட்டம் ஒல்லியானதும் 45 டிகிரி முனை இன்னும் கூராகிவிடுகிறது, உள்மூலை திறந்துகொள்கிறது. நம்மூரில் இதற்கு நேர் எதிர். மே மாதம் போட்ட ஃபிரேம் ஐப்பசி மழையில் வெளிமுனை பிளந்து திரும்பி வருமே, நீங்கள் மரம் ஒட்டும் வஜ்ரப் பசையைத் திட்டுவீர்களே, பாவம் வஜ்ரம்!

இங்கே ரம்பமே கிடையாது. காலால் மிதிக்கும் மெஷின்; இரண்டு கத்திகள் V மாதிரி இறங்கும். ஒரே மிதியில் வெட்டினால் மரம் பிய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வெட்டி, கடைசிச் சீவல் வெங்காயத்தோல் போல விழ வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தப்பினால் கடைசி மூலையில் 4 டிகிரியாக வந்து நிற்கும். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து மூலை இடைவெளியை அடைக்கப் போய் முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம்ம சென்னை தேவராஜ முதலி தெரு ஃபிரேம் கடைகளில் அது ஒரு தொழில்நுட்பம் என்று சொல்லவா முடியும்?

இன்னொன்று. கோணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் ஒரு மயிரிழை வித்தியாசப்பட்டால் மூலை சேராது. முதலாளியம்மா இரண்டையும் மேஜைமேல் சேர்த்து நிறுத்தி, உச்சியை விரலால் தடவிப் பார்க்கிறார். நீங்கள் கட்டைவிரலால் தடவிவிட்டு என் தலையில் குட்டுவீர்களே, அதேதான். இவர் குட்டுவதில்லை.

படத்தைப் பிரிக்கவில்லை. ஜூன் மாத ஈரத்தில் கொஞ்சம் மூடிக்கொள்ளும் என்கிறார், பார்க்கலாம். அப்புறம், அக்கா வரும்போது உங்கள் பழைய மூலைமட்டத்தைக் கொடுத்தனுப்புங்கள். பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்கள் மகன்