‘பெர்ஸெஃபோன்’ இசைக்காக: இயர் ஆஃப் நோ லைட் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சின் போர்தோ நகர இசைக்குழுவான இயர் ஆஃப் நோ லைட் கலைஞர்களுக்கு,

வணக்கம். 2010-இல் வெளிவந்த உங்கள் ‘ஆவுசர்வெல்ட்’ தொகுப்பின் முதல் இரு பகுதிகளாக அமைந்த ‘பெர்ஸெஃபோன்’ இசைக்கு நன்றி சொல்லவும், ஒரு வேண்டுகோளை முன்வைக்கவும் இம்மடலை எழுதுகிறேன்.

முதன்முறை கேட்டபோது அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். குரல் எப்போது வரும் என்று காத்திருந்து அலுத்துப்போனதே காரணம். 2006-ஆம் ஆண்டின் ‘நோர்’ தொகுப்பில் ஒலித்த அலறலுக்குப் பழகிய என் செவிக்கு, பாடகர் விலகிய பின் அந்த இடத்தை நீங்கள் காலியாகவே விட்டுவிட்டீர்கள் என்று தோன்றியது. சில மாதங்கள் கழித்து ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் இரு பகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்ட பிறகுதான் என் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கியது. மூன்று கிட்டார்களும் இரண்டு டிரம்ஸும் சேர்ந்து எழுப்பிய அந்த இசையில் ஒரு குரல் நுழைந்திருந்தால் இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். கிரேக்கத் தொன்மத்தில் பெர்ஸெஃபோனைப் பாதாள வேந்தன் ஹேடிஸ் கவர்ந்து செல்கிறான். அங்கே அவள் உண்ட மாதுளை விதைகளால் ஆண்டின் ஒரு பகுதியை நிலத்தடியிலேயே கழிக்க நேர்கிறது. மகளைப் பிரிந்த டிமீட்டரின் துயரில் பூமி விளைச்சலற்றுப் போகிறது. இதைச் சொற்களால் பாட முனைந்தவர் யாராயினும் அது தாயின் புலம்பலா, மகளின் அச்சமா என்று முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் தலைப்பை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதால் அந்தத் துயரம் யாருக்கும் தனியுரிமையாகாமல், வறண்ட மண்ணுக்கும் சேர்த்தே ஒலிக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தாயை இழந்திருந்த நான், எவருடைய கதை என்று கேட்காமலேயே அதற்குள் இறங்க முடிந்தது.

அந்த இறக்கத்திற்கு நீளம் தேவைப்படுகிறது. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் தடித்த ஒரு ரிஃப், அதாவது ஒரு சிறு இசைத்துணுக்கு, மெதுவாகத் திரும்பத் திரும்ப வரும்போது முதலில் மனம் அடுத்தது என்ன என்று தேடுகிறது. பிறகு தேடுவதை விட்டுவிடுகிறது. அதன் பின்னரே அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் மெலிந்த மெட்டு செவிக்கு எட்டுகிறது. இதை நான்கு நிமிடங்களுக்குள் சுருக்கியிருந்தால் நான் முதல் நிலையிலேயே நின்றிருப்பேன். இரு டிரம்ஸும் ஒன்றாக விழும் இடங்களில் ஒலி பெரிதாவதைவிடக் கனமாவதையே உணர்கிறேன். இருள் என்ற பெயரில் வெறும் இரைச்சலைத் தரும் போஸ்ட்-மெட்டல் (மெட்டல் இசையின் கனத்தை நீண்ட, மெதுவான இசையமைப்போடு சேர்க்கும் வகை) பதிவுகள் ஏராளமாக உள்ள சூழலில் இந்த நிதானம் அரியது. பின்னாளில் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையரின் 1932-ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘வாம்பீர்’ படத்திற்கு நீங்கள் இசையமைத்தபோதும் உங்களிடம் இதே பொறுமையை எதிர்பார்த்தே கேட்டேன்.

என் வேண்டுகோள் இதுதான்: மேடையில் ‘பெர்ஸெஃபோன்’ இசைக்கும்போது, நேரம் எவ்வளவு குறைவாக இருப்பினும், இரு பகுதிகளையும் பிரிக்காமல் அடுத்தடுத்து வாசியுங்கள். அதற்காக வேறு எதை விட்டுவிட்டாலும் என் போன்றோர் குறையாக எண்ண மாட்டோம்.

நன்றியுடன்,
உங்கள் நேயர்களில் ஒருவன்