2024–25 ஆண்டறிக்கை: பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உரிமையாளர்களுக்கும், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் வணக்கம்.

லிஃப்ட், ஜெனரேட்டர், பெயிண்ட் வேலை ஆகியவற்றைத் தலைவர் தம் உரையில் சொல்லிவிட்டார். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். என் அறிக்கையைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கே ஒதுக்கியிருக்கிறேன். புகார்ப் பதிவேட்டில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக இந்த ஆண்டு அதிகம் எழுதப்பட்டது கரப்பானும் கொசுவும் பெருச்சாளியும்தான்.

முந்தைய ஒப்பந்ததாரரின் ஆள் மாதம் ஒருமுறை வருவார். படிக்கட்டிலும் நடைபாதையிலும் ஓரமாக ஸ்ப்ரே அடித்துவிட்டு, செக்யூரிட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். நடைபாதையில் கரப்பான் குடியிருப்பதில்லை. அது இருப்பது சமையலறையிலும் கழிவுநீர் சேம்பரிலும். ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்காமல் புதியவர்களை அமர்த்தினோம். இப்போது சேம்பர்கள், குப்பை அறை, மீட்டர் அறை, கார் பார்க்கிங் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் வருகிறார்கள். வீடுகளுக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளாக் வாரியாக வருகிறார்கள். வீட்டுக்குள் ஸ்ப்ரே கிடையாது, கரப்பான் தின்பதற்காகப் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் மருந்து மட்டும்தான்.

ஜெல் பற்றிப் பலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் சமையலறைகளில் தொல்லை தருவது ஜெர்மன் கரப்பான் என்கிற சின்ன இனம். அரை அங்குல நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். பெண் பூச்சி முட்டைப்பையை, குஞ்சு பொரிக்கப் போகும் நேரம் வரை உடம்போடு சுமந்தே திரியும். ஒரு பைக்குள் முப்பது நாற்பது முட்டைகள் இருக்கும். ஸ்ப்ரே அடித்தால் எதிரில் வந்த பூச்சி சாகும். பைக்குள் இருக்கும் முட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அடித்த சில வாரங்களில் மறுபடி குட்டிகுட்டியாக ஓட ஆரம்பிக்கின்றன. ஜெல்லைத் தின்ற கரப்பான் தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். கீல், ஃப்ரிட்ஜின் பின்புறம், சிங்க்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வைத்த பொட்டுகளைத் துடைத்துவிடாதீர்கள். அதன்மேல் கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் பூச்சி அந்தப் பக்கமே வராது, வைத்த மருந்து வீண்.

பி பிளாக்கில் ஒரு வீட்டில் எத்தனை முறை ஜெல் வைத்தும் கரப்பான் குறையவில்லை. வீட்டம்மா அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர், பாவம், அழாத குறை. புதிய டெக்னீஷியன் சமையலறைக்குப் பின்னால், எல்லா மாடிகளின் குழாய்களும் இறங்கும் டக்ட்டின் கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் பூசாமல் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி மிளகுப்பொடி தூவினாற்போல் கரப்பானின் எச்சம். ஒரே டக்ட்டில் மேலிருந்து கீழ்வரை எல்லாச் சமையலறைகளும் சேர்ந்திருக்கின்றன. மூன்று வீடு திறந்து இரண்டு வீடு பூட்டியிருந்தால், மருந்து வைத்த வீட்டில் குறைந்த பூச்சி வைக்காத வீட்டிலிருந்து வந்து நிரம்பிவிடும். அந்த வரிசை வீடுகள் அனைத்தையும் ஒரே சனிக்கிழமை திறக்க வைத்தோம். பிளம்பர் ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஜெல் வைத்தார்கள். அதன்பின் அந்த வரிசையிலிருந்து ஒரு புகாரும் இல்லை. இந்த ஆண்டு நான் கண்ட ஒரே உண்மை இதுதான்: வரிசையாக எல்லாக் கதவும் திறந்தால் வேலை நடக்கிறது, இல்லாவிட்டால் பணம்தான் போகிறது.

பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளியலறை ஜாலிக்குக் கீழே டிராப் என்ற வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சேம்பரிலிருந்து பெரிய கரப்பான் ஏறாமல் தடுக்கிறது. மாதக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, அவ்வப்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. எலித் தொல்லைக்காக வீட்டில் வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த வாரம் நம் வளாகத்தில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். டிசம்பரில் டெக்னீஷியன்கள் வந்தபோது பாதிக் கதவுகள் திறக்கவில்லை. திறக்க மறுத்தவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யார்தான் பயப்பட மாட்டார்கள்? அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வது சங்கத்தின் பொறுப்பு என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

ஒப்பந்ததாரரை அழைத்து, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படி அவர்கள் பெற்ற உரிமத்தின் நகலையும், பயன்படுத்தும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் எழுத்தில் வாங்கினோம். அலுமினியம் பாஸ்பைடு வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். தானியக் கிடங்குகளில் பயன்படுத்தும் மருந்து அது. ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. மனிதர் தூங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பெருச்சாளிக்கு வீட்டுக்கு வெளியே, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் மட்டும் புரோமாடியலோன் கட்டி வைக்கிறார்கள். அது ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து, சில நாள் கழித்தே வேலை செய்யும். அதற்கு வைட்டமின் கே1 முறிவு மருந்தாக இருக்கிறது. நாய், பூனை வளர்ப்பவர்கள் பெட்டிகள் இருக்கும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்று, டப்பாவின் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். ஒவ்வொரு வருகையின்போதும் செக்யூரிட்டி அந்த லேபிளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள். மார்ச் வருகையில் அநேகமாக எல்லாக் கதவுகளும் திறந்தன. எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது.

அப்புறம் கொசு. அக்டோபர் மழையிலும், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகும் கொசு குறையவில்லை. மாநகராட்சிக் களப்பணியாளர் ஒருவர்தான் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார், புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்து, லிஃப்டை நிறுத்தி, பம்ப் வைத்து இறைத்தோம். இப்போது மாதாந்திரப் பட்டியலில் லிஃப்ட் குழியும் இருக்கிறது.

புகை அடிக்கச் சொல்லித்தான் நிறையக் கோரிக்கைகள் வருகின்றன. புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும்; மூடிய கதவைத் தாண்டிப் புகை அங்கே போகாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜ் பின் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஏ பிளாக் தரைத்தளத்தில் இரண்டு வீடுகளின் கதவுச் சட்டத்தில் கரையான் ஏறியிருந்தது. சுவர் ஓரமாக ஓர் அடிக்கு ஒன்று வீதம் துளை போட்டு மருந்து செலுத்தி அடைத்திருக்கிறார்கள். சுவரில் மண் கோடு தெரிந்தால் கலைக்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். சி பிளாக் மொட்டை மாடித் தேன்கூட்டைத் தீ வைக்காமல், ஆள் வைத்து இரவில் அகற்றினோம்.

மருந்து வரும் நாளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி நினைவூட்டிய பிளாக் பிரதிநிதிகளுக்கும், சேம்பர் மூடிகளைத் தூக்கி வைத்த ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் இனி ஒப்பந்ததாரர் செலவிலேயே தரப்படும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள் வைக்கிறேன். ஒன்று, வீட்டுக்குள் மருந்து வைக்கும் தேதி பதினைந்து நாள் முன்பே அறிவிக்கப்படும்; அன்று வீட்டில் இருக்க முடியாதவர்கள் பிளாக் பிரதிநிதியிடம் சாவி கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீடுகள் முன்கூட்டிச் சொன்னால் அவர்களுக்கு ஏற்ற நேரம் ஒதுக்கப்படும். இரண்டாவது தீர்மானம், ஏ, பி, சி ஆகிய மூன்று பிளாக்குகளிலும் டக்ட் ஓட்டைகளை அடைக்கும் வேலையைப் பழுதுபார்ப்பு நிதியிலிருந்து மழைக்கு முன் செய்து முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்