மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் செங்கோட்டையில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தது. நேற்றுதான் போய் எடுத்தேன். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிற செய்தியைத் திண்ணையிலேயே உட்கார்ந்து இவருக்கு வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அண்ணன் ஓய்வு பெற்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, எங்களை மாதிரி வேனிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறாராம், நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுது என்கிறாய். சரி, எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் ஏன் இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையை விட்டு நகர்வதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது ஆடி. செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவிலும் தென்மலையிலும் மழை கொட்டித் தீர்க்கிறது. இந்தப் பக்கம் புளியரையில் காற்றும் சாரலும்தான். அதனால் ஜூன் பிறந்ததும் இறங்கி இங்கே வந்துவிடுவோம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மழை விட்டுவிட்டுப் பெய்கிற ஊராகப் பார்த்து நகர்ந்துகொண்டே இருப்போம். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கம் இருப்பதுபோல் சுகம் வேறெங்கும் இல்லை. பங்குனி வந்தால் புனலூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. கேரளத்திலேயே வெயில் அதிகம் என்று அடிக்கடி பேப்பரில் வருகிற ஊர் அது. முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் வேறொரு பருவத்துக்குள் போய்விடலாம். வீட்டில் இருந்த காலத்தில் மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவேன், அவ்வளவுதான். இப்போது மேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் எங்கே இருப்பது என்று முடிவு செய்கிறோம். எனக்கு இந்த வாழ்க்கையில் பிடித்ததே இதுதான், மல்லி.

இனி கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். எங்கள் தொட்டி நூறு லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும், அதுவும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால். சாப்பிட்ட தட்டை முதலில் பழைய காகிதத்தால் துடைத்துவிடுவேன். பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் தேய்த்து, இன்னொரு செம்பில் அலசுவேன். அந்த அலசின தண்ணீர் அடுத்த வேளைப் பாத்திரத்துக்கு முதல் தண்ணீர். வேளச்சேரியில் லாரித் தண்ணீருக்கு நீ படுகிற பாட்டை எழுதியிருந்தாய். அதைப் பழகிய உனக்கு இது ஒன்றும் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கழிப்பறை. வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. எங்களுடையது கழற்றி எடுக்கிற மாதிரி அடியில் தொட்டி வைத்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நல்ல கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். ஆற்றிலோ காட்டிலோ கொட்டுவதில்லை என்பதில் இவர் கறாராக இருக்கிறார். ஆரியங்காவில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு சேச்சி தன் வீட்டுக் கழிப்பறையை எங்களுக்குத் திறந்துவிடுகிறார். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. ஊருக்குப் போய் வரும்போது செங்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போவேன், அதை மட்டும் வாங்கிக்கொள்வார். தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் இந்த ஒரு காரியத்துக்காகவே அரை நாள் அலைந்திருக்கிறோம்.

கரண்டுக்குக் கூரை மேல் சோலார் தகடு, உள்ளே லித்தியம் பேட்டரி. பேட்டரி பன்னிரண்டு வோல்ட், இருநூறு ஆம்பியர் மணி. முழுதாக ஏறினால் ஏறக்குறைய இரண்டரை யூனிட். மின்விசிறி, விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், போன் எல்லாம் தாராளமாக ஓடும். ஏ.சி.யை மறந்துவிடு. சமையல் ஐந்து கிலோ சிலிண்டரில்தான். முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. வண்டியை வெயிலில் நிறுத்தினால் கரண்ட் கிடைக்கும், உள்ளே வெந்துபோவோம். நிழலில் நிறுத்தினால் தூக்கம் வரும், பேட்டரி இறங்கிவிடும். தினமும் இந்தக் கணக்குத்தான்.

மழைக்காலத்தில் சோலாரை நம்ப முடியாது. வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து ஏறுகிற கரண்ட்தான் கைகொடுக்கும். அதைவிட மோசம் ஈரம். இரண்டு பேர் மூச்சுவிட்டாலே காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். சோறு வடித்தால் கேட்கவே வேண்டாம். முதல் மழைக்காலத்தில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. இப்போது பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, மேலே கயிற்றுப் பாய் விரித்து, அதன் மேல் மெத்தை போட்டிருக்கிறோம். மழை பெய்தாலும் கூரை விசிறியைக் கொஞ்சமாவது ஓடவிடுகிறோம். அண்ணன் வேன் கட்ட ஆரம்பித்தால் இதை மறக்காமல் சொல்.

இன்னொன்று, தோசை மாவு. அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. பொங்கின மாவைச் சம்படத்தில் வைத்துக்கொண்டு கணவாய்ச் சாலையின் எஸ் வளைவில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஆகவே வண்டி கிளம்பும் முன் மாவுச் சம்படத்தைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் துணியை அடைத்துவிடுவேன். வழிந்தாலும் தொட்டியோடு போகும்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பது தனிக் கதை. காட்டுச் சாலையில் நிறுத்தவே கூடாது, யானை நடமாட்டம் உள்ள இடம். பெட்ரோல் பங்க், கோயில் மைதானம், தெரிந்தவர் தோப்பு, இவைதான். நடுராத்திரியில் கண்ணாடியைத் தட்டி யார் என்று கேட்டிருக்கிறார்கள். வயதான இருவர் எழுந்து உட்காருவதைப் பார்த்ததும் மரியாதையாகவே பேசிவிட்டுப் போவார்கள். ஆனாலும் அப்புறம் தூக்கம் வராது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலா என்று திட்டம் அறிவித்து, அதற்கென்று வாகமணில் ஒரு பூங்காவும் வந்தது. ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. வருடம் முழுக்க வேனிலேயே குடியிருக்கிறவர்களுக்கும் ஊருக்கு ஊர் தண்ணீர் பிடிக்க ஒரு குழாயும், கழிவு கொட்ட ஒரு இடமும் வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐயப்பசாமிமார்கள் வருகிற கார்த்திகை, மார்கழியில் ஆங்காங்கே தற்காலிகக் கழிப்பறையும் குழாயும் வைத்துவிடுகிறார்கள். அப்போது எங்களுக்கும் வசதிதான். ஆரியங்காவு ஐயப்பனின் திருக்கல்யாணத்துக்குப் பெண்வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிர ஜனங்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நடப்பதே ஒரு சந்தோஷம்.

சட்ட விஷயம் இரண்டு சொல்கிறேன். வேனுக்குள் இப்படி மாற்றம் செய்ய ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நாங்கள் இங்குமங்கும் போய்வந்துகொண்டே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அப்படிப் பார்த்தால் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1-இல்தான் நம் பக்கம் வந்தது. இங்கே பெரியவர்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உண்டு.

வருத்தமும் ஒன்று இருக்கிறது. பேச ஆள் கிடைக்கும், ஆனால் பழகின பக்கத்துவீடு இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது ரசம் வைத்துக் கொடுக்க ஒருத்தி இல்லையே என்று அழுதேன். இவர் வைத்தார், நன்றாகத்தான் வைத்தார். ஆனாலும் அது வேறு. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறையும் கிடையாது. மழைநாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடிக்குள் இருப்பது மிகவும் கஷ்டம்.

அதனால் அண்ணனிடம் சொல், வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் எங்களோடு வந்து இருந்து பார்க்கட்டும். தை மாதம் வராதீர்கள், எல்லாமே அழகாகத் தெரியும். இந்த ஆவணிக்குள் வாருங்கள், சாரல் நிற்பதற்கு முன்னால். நீங்கள் வேனில் படுங்கள், நாங்கள் தங்கை வீட்டில் படுத்துக்கொள்கிறோம். பொதிகை எக்ஸ்பிரஸில் செங்கோட்டைக்கே நேராக வந்துவிடலாம். முழங்காலுக்குப் போடுகிற மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள். வேனில் ஏறுகிற படி கொஞ்சம் உயரம், உனக்காக இவர் ஒரு மரப்படி செய்துகொண்டிருக்கிறார். தேதியை எழுதிப் போடு.

அன்புடன்,
உன் கோமதி