முகாமில் புரையை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் சிகிச்சை முகாம் அறிவிப்புகளை நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. நல்ல காரியம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கண்புரையைத் தவிர வேறு நோயின் பெயரே வருவதில்லை. வயதானவருக்குப் பார்வை மங்கினால் அது புரைதான், முற்றட்டும் என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். இன்றைய அறுவை சிகிச்சைக்குப் புரை முற்ற வேண்டியதே இல்லை. முற்றவிட்டால் லென்ஸ் உப்பி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே கெட்டுப்போகலாம்.

பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) அப்படிக் காத்திருக்க விடாது. அதில் போன பார்வை போனதுதான். பெரும்பாலோருக்கு வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் குறையும். நேர்ப் பார்வை நெடுநாள் தெளிவாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். கண்ணின் அழுத்தம் இயல்பின் மேல் எல்லையான 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தும் நோய் இருப்பதுண்டு. ஆகவே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்பக் கூடாது. பார்வை நரம்பைப் பார்த்தாக வேண்டும்.

அதற்குக் கண்மணியை விரிக்கச் சொட்டு விடுவார்கள். பிறகு சில மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். துணைக்கு ஒருவர் வர வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது என்பதை அறிவிப்பிலேயே போடலாம். மருந்துச் சீட்டுகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டிமோலால் சொட்டு கண்ணில் விடுவதுதான் என்றாலும், மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண் நீர் அழுத்த நோய் இருந்தால், 40 வயதுக்குப் பிறகு குறை தெரியாவிட்டாலும் சோதித்துக்கொள்வதே சரி.

சொட்டு விடுவதிலும் கோளாறு நடக்கிறது. கீழிமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு. அதற்கு மேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். புட்டி முனை இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, அதன் மூக்கோர முனையை 2 நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுக்க வேண்டும். திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 'இவ்வளவு விட்டும் பார்வை கூடவில்லையே' என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். இருக்கிற பார்வையைக் காப்பதற்குத்தான் அந்தச் சொட்டு, கூட்டுவதற்கு அல்ல.

இன்னொன்று, மருந்துக்கடைக்காரர்களுக்கு. கண் சிவந்தால் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். சீட்டின் தேதியைப் பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர் ஒருவர்,
மதுரை