மாப்ள, உன் பாலைவனத்துக்கு போயிட்டு வந்தோம்

மாப்ள,

ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு, போன்ல பேசினா அம்மாவோட கால் எப்படி இருக்குன்னு கேக்கறதுலயே நேரம் போயிடுது, அதான் எழுதறேன். இது உன்னோட ட்ரிப்புடா. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு சையத் பாஷா மலை மேல உக்காந்து, நாப்பது வயசானா அஞ்சு பேரும் பாலைவனத்துல போய் கொண்டாடணும்னு சொன்னவன் நீதான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்னு நின்னுட்ட, எங்களையும் டிக்கெட்ட கேன்சல் பண்ண விடல. போனோம், ஆனா மனசு முழுசா வரல.

பெங்களூர்ல ஃப்ளைட் ஏறி ஜோத்பூர், அங்கிருந்து வேன்ல 280 கிலோமீட்டர் ஜெய்சல்மேர். 1156ல கட்டின கோட்டை, இன்னும் உள்ள ஜனங்க குடியிருக்காங்க, மாடில துணி காயுது, வெயில் சாயறப்போ அந்த மஞ்சக்கல்லு அத்தனையும் தங்கமா மாறுது, நான் பேச்சே வராம நின்னேன்.

மணல்மேடு பாக்க சாம் போனோம், இன்னும் ஒரு 40 கிலோமீட்டர். ஒட்டகம் எந்திரிக்கறப்போ பின்னங்காலத்தான் முதல்ல தூக்கும், நாம அப்படியே முன்னாடி சரிவோம், அதனால பின்னால சாஞ்சு கெட்டியா புடிச்சுக்கணும், ஞாபகம் வச்சுக்கோ. ஜீப்பு சத்தமும் டிஜே பாட்டும்தான் எனக்கு புடிக்கல, கானமயில்ங்கற அபூர்வமான பறவ வாழற பூமிடா அது, அவ்ளோ இரைச்சல் எதுக்கு. அடுத்த தடவ உன்கூட குரி பக்கம் போலாம், அங்க கூட்டம் கம்மி. சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுன்னு இருந்த மணல் ஏழு மணிக்கெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு, காத்துல ஈரமே இல்ல, மேகமும் இல்ல, சூட்ட புடிச்சு வைக்க ஒண்ணுமில்ல. மாங்கணியார் பாட்டுக்காரங்க கமாய்ச்சாங்கற வில்லு வாத்தியத்த இழுத்து பாடினது ஒரு வார்த்த புரியல, ஆனா நாலு பேருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. கேக்குல அஞ்சு மெழுகுவத்தி வச்சோம், உன்னுத காத்து வந்து அணைக்கற வரைக்கும் நாங்க ஊதல.

ஒண்ணு சொல்லணும். அங்க எங்க பாத்தாலும் கேஜ்ரின்னு ஒரு மரம், இலையக் கிள்ளிப் பாத்தா நம்ம வன்னி மரம்டா, உங்கம்மா சிவன் கோயில்ல சுத்தி வருவாங்களே, அதே மரம். 1730ல ஜோத்பூர் பக்கம் இந்த மரத்த வெட்ட வந்தப்போ பிஷ்னோய் ஜனங்க 363 பேர் கட்டிப்புடிச்சு உயிர விட்டிருக்காங்க. பஞ்சத்துல அதோட காய்தான் சோறு போட்டிருக்கு. அத காய வச்சு சாங்க்ரின்னு விக்கறாங்க, வரமொளகா, மாங்காப்பொடி போட்டு வதக்கினா கம்பு ரொட்டிக்கு அப்படி இருக்கு.

அம்மாவுக்கு கால் கிலோ வாங்கியாந்திருக்கேன். முந்தின ராத்திரியே ஊறப்போடணுமாம், அதனால ஞாயித்துக்கிழம சமைக்கறதுக்கு சனிக்கிழம சாயங்காலமே கொண்டாந்துடறேன், நீ எங்கயும் போயிடாத.