ஒண்ணும் செய்யாது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். முடித்ததும் தங்கச்சியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்தாலும் இது கடிதம்தான். லிஃப்டில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நேற்று ராத்திரி ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் சொன்னாய். சனிக்கிழமை, உன் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பள்ளிக்கூடம் லீவு என்று பையனையும் கூட்டி வந்தாளாம். கதவைத் திறந்ததும் உன் ரோட்வைலர் நாய் சீசர் பாய்ந்து அவன் கெண்டைக்காலில் "லேசாப் பல்லு பட்டுருச்சாம்". ரத்தம் வந்ததா என்று கேட்டேன். "ரெண்டு சொட்டு" என்றாய். ஊசி போட்டாயா என்றால், "சீசருக்குத்தான் வருஷா வருஷம் போடுறோமே, அவனுக்கு எதுக்கு? கையில அஞ்சாயிரம் குடுத்துட்டேன்" என்றாய். அதோடு விட்டாயா? "அது ஒண்ணும் செய்யாதும்மா, பயந்துருச்சு, அவ்வளவுதான்" என்றாய்.

இந்த "ஒண்ணும் செய்யாது" நர்ஸ் வேலையில் எனக்கு 34 வருஷப் பழக்கம். நாய்க்கடி என்று வருகிறவர்களிடம் எங்கே, எப்படி என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். தெருநாய் கடித்து வந்தவர்கள் "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல சிஸ்டர்" என்பார்கள். வீட்டு நாய் கடித்து வந்தவர்கள் "ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்பார்கள். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், டியூஷனுக்குப் போன பிள்ளை, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர், எல்லோரும் அதே வரிதான். குரைக்கிற நாய் கடிக்காது என்று பழமொழி சொன்னவர் ஊசி அறைப் பக்கம் வந்தே இருக்க மாட்டார்.

இன்று காலை நான் போட்ட சத்தத்தில் நீ பையனை ஊசிக்கு அனுப்பினாய், சரி. ஓ.பி. சீட்டின் படத்தைப் பார்த்ததும் மறுபடி போன் போட்டேனே, ஏன் என்று உனக்குப் புரிந்ததா தெரியவில்லை. சீட்டில் தடுப்பூசி மட்டும்தான் இருந்தது. ரத்தம் வந்த கடிக்கு அது மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்று ஒன்று இருக்கிறது, நாங்கள் சீரம் என்போம். அதைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பு உண்டாக்க நாளாகும், அதுவரை காயத்திலேயே நின்று வெறிநாய்க்கடிக் கிருமியைத் தடுப்பது சீரம்தான். முதல் ஊசி போட்ட 7 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஆனால் 7 நாள் இருக்கிறது என்று தள்ளிப் போடாதே. நாளைக் காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. சின்ன இடங்களில் சில நேரம் இருப்பு இருக்காது.

அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் ஊசி. இன்று திங்கள், ஆக வியாழன், அடுத்த திங்கள், அதன்பின் மூணு வாரம் கழித்து வரும் திங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவியிருக்க வேண்டும். அந்த அக்கா மஞ்சளை அப்பியதாகச் சொன்னாய். அவளைக் குறை சொல்லாதே, தண்ணீர்க் குழாய் உன் வீட்டில்தான் இருந்தது. சீசரைக் கடித்த நாளிலிருந்து 10 நாள் கண்ணில் வைத்துப் பார். தின்கிறதா, குடிக்கிறதா, குணம் மாறுகிறதா என்று பார். எங்கும் அனுப்பிவிடாதே. தடுப்பூசி போட்ட நாய் என்பது நல்ல செய்திதான், ஆனால் நாயின் ஊசிச் சீட்டைக் காட்டிப் பையனின் ஊசியை நிறுத்த முடியாது.

அம்மா பெரிதுபடுத்துகிறாள் என்று நினைப்பாய். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் வளர்த்த குட்டி, விளையாட்டில் கையைக் கீறியிருக்கிறது. இரண்டு மாசம் கழித்துத் தண்ணீர் இறங்கவில்லை. முதலில் எங்களிடம் அவர் கேட்டது, மேலே சுற்றுகிற ஃபேனை நிறுத்துங்கள் என்றுதான். காற்று பட்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது. புத்தி தெளிவாக இருந்தது, மனைவியிடம் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிலைக்கு வந்தபின் டாக்டர் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் குட்டியும் வீட்டு நாய்தான், ஒண்ணும் செய்யாத நாய்தான்.

உன் தாத்தா கதை ஒன்றை நான் உனக்குச் சொன்னதே இல்லை. 1975, எனக்குப் பதினொரு வயது. நம் வீட்டில் மணி என்று ஒரு ராஜபாளையம் நாய் இருந்தது. சுத்த வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அந்த ஜாதி நாய் வீட்டில் ஒருத்தருக்கு அடங்கும், மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும், அந்நியரை இரண்டும் செய்யாது. ஒருநாள் தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து திண்ணையில் கால் வைத்தார். ஒரு சத்தம் இல்லை. தொடையைக் கவ்விவிட்டது.

அப்போது இப்போது மாதிரி கையில் நாலு ஊசி இல்லை, தம்பி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. தொப்புளைச் சுற்றி 14 ஊசி, தினம் ஒன்று. வயிறு பாறை மாதிரி வீங்கும். (அந்த மருந்து 2004 வரை இருந்தது, நானே போட்டிருக்கிறேன். குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு எங்களை டூர் கூட்டிப் போனபோது சொன்னார்கள்: 1902-ல் லில்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணை நாய் கடித்தது. மருந்து வடக்கே கசௌலியில்தான் இருந்தது, காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகுதான் 1907-ல் தெற்குக்கென்று குன்னூரில் தொடங்கினார்கள்.)

தாத்தா அன்று பணம் எடுத்து நீட்டவில்லை. நீட்டவும் நம்மிடம் இல்லை என்பது வேறு விஷயம். மறுநாள் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். அவரைப் பின்னால் உட்காரவைத்து 8 கிலோமீட்டர் மிதித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். இப்படி 14 நாள். ஐந்தாறு நாளில் தபால்காரரால் கேரியரில் உட்கார முடியவில்லை, வயிறு அப்படி வலித்தது. அதற்கப்புறம் வண்டி மாட்டிப் போனார்கள். நடவு நேரம் அது. பாட்டி முணுமுணுத்தாள். "நாயை வளர்த்தது நான், வயித்துல குத்து வாங்குறது அவரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார் தாத்தா. பாட்டி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

மணியை அடித்துக் கொல்லச் சொன்னவர்களும் உண்டு. தாத்தா கேட்கவில்லை. ஏன் சத்தமில்லாமல் கடித்தது என்று நாலு நாள் யோசித்தார். பிறகு உன் சின்னத் தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒத்துக்கொண்டார்: ஆள் வந்தால் மணி உறுமும், விருந்தாளிகள் முன் அசிங்கமாக இருக்கிறது என்று குச்சியால் போட்டுப் போட்டு உறுமலை நிறுத்தியிருக்கிறார். "உறுமல்தான்டா அது நமக்குக் குடுக்குற நோட்டீசு. நோட்டீசைக் கிழிச்சுட்டு ஜப்திக்கு வந்துட்டான்னா எப்படி?" என்றார் தாத்தா. கோர்ட்டும் ஜப்தியும் பார்த்த மனுஷன், அவர் உவமை அப்படித்தான் வரும்.

பிறகு முள்வேலியை எடுத்துவிட்டுக் கல் சுவர் வைத்தார், கதவு போட்டார். மணி சாகும்வரை தபால்காரர் நம் தெருப் பக்கம் நம் வீட்டுக்காக வரவேண்டியதில்லை. தாத்தாவே போஸ்ட் ஆபீஸுக்கு நடந்துபோய்க் கடிதங்களை வாங்கி வந்தார், ஏழு வருஷம். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டார்கள். தாத்தா அப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தத் தபால்காரரைத் தேடிப் போய்க் காட்டியிருப்பார்.

இப்போது சீசருக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாய்: "முன்னெல்லாம் உறுமும்மா, டிரெய்னர் வச்சு அடக்கியாச்சு." நினைவிருக்கிறதா? நீயும் நோட்டீசைத்தான் கிழித்திருக்கிறாய். இனி அது உறுமினால் திட்டாதே. எதைப் பார்த்து உறுமுகிறதோ அதிலிருந்து தள்ளிக் கூட்டிப் போ. உடம்பு விறைத்து அசையாமல் நின்றால், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தால், பசியில்லாதபோதும் உதட்டை நக்கினால், அதுவும் உறுமல்தான். அடிக்காமல் பழக்குகிற ஆளாகப் பார். அதற்கு முன்னால் கால்நடை டாக்டரிடம் காட்டு. காதுவலி, மூட்டுவலி இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும்.

ரோட்வைலர் கெட்ட நாய் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ரோட்வைல் என்ற ஊரில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டி, வண்டி இழுத்த நாய் அது என்று தங்கச்சி படித்துச் சொன்னாள். வண்டி இழுக்கப் பிறந்ததை ஆறாவது மாடிப் பால்கனியில் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை கட்டிப் போட்டிருக்கிறாய். கட்டியே கிடக்கிற நாய்க்கு மூர்க்கம் ஏறும் என்பது நம் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். முதலில் அதற்கு ஒரு வழி செய். காலையும் மாலையும் நீயே நடத்து. மருமகள் தனியாகக் கூட்டிப் போக வேண்டாம், 45 கிலோ இழுத்தால் அவளால் தாங்க முடியாது. வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்புவதை இன்றோடு நிறுத்து. அவர் சம்பளம் கேட்டைப் பார்க்க.

வெளியே போனால் பிடி தளராத குட்டைக் கயிறு. வாய்க்கூடும் வேண்டும். கன்றுக்குட்டிக்கு வாய்க்கூடு கட்டியதைச் சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாய், அந்த மாதிரி கூடை வடிவில் வாங்கு. வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டை வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சுவிட்டால்தான் சென்னை வெயிலைத் தாங்கும். வேலைக்கு ஆள் வரும் நேரம் அதை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்து. அதுவாக ஒதுங்கும் என்று இருக்காதே. மாநகராட்சியில் பதிவு செய்து உரிமம் எடுத்தாயா என்றும் கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய்.

ஆயிரம் விளக்கு பூங்காவில் நடந்தது உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 2024 மே மாசம், பூங்கா காவலாளியின் 5 வயதுக் குழந்தையை இரண்டு ரோட்வைலர்கள் குதறின. தடுக்க வந்த தாயையும் கடித்தன. நாய்க்காரரைக் கைது செய்தார்கள். அந்த வருஷம் மார்ச்சில்தான் 23 வகை நாய்களுக்குத் தடை என்று மத்திய அரசு கடிதம் அனுப்பியிருந்தது, ஏப்ரலில் டெல்லியிலும் கர்நாடகத்திலும் நீதிமன்றங்களில் அது நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். எந்த ஜாதி நாய் என்ற சண்டை நடக்கட்டும். அவிழ்ந்து கிடந்த கயிறு யார் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தையும் பார்த்தேன். பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவு. தன் விலங்கால் மனுஷருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாசம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீ கொடுத்ததும் அதே அஞ்சாயிரம்தான். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்த அக்கா ஒவ்வொரு ஊசிக்கும் ஐந்து வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். லீவு சொன்னால் அந்த ஐந்து வீட்டிலும் முகம் சுளிப்பார்கள், உன் வீட்டிலும் சேர்த்துத்தான்.

ஊருக்குக் கொண்டுவந்து விட்டுவிடலாமா என்று மருமகள் கேட்டாளாம். வேண்டாம். இங்கே தெருவில் பிள்ளைகள் இல்லையா? கடித்ததை மறைத்து வேறு யாருக்கும் கொடுப்பதும் கூடாது, எங்காவது இறக்கிவிட்டு வருவதும் கூடாது. அது குற்றமும்கூட. எல்லாம் செய்தும் அடங்கவில்லை, இதோடு மனுஷர் இருக்க முடியாது என்று கால்நடை டாக்டரே சொல்கிற நாள் வந்தால், அன்று அதன் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டியதும் நீதான். அந்த நாள் வராதபடி இப்போது பார்.

வியாழக்கிழமைக்கு இன்றே லீவு எழுதிக் கொடு. பையனையும் அவன் அம்மாவையும் நீயே காரில் கூட்டிப் போ. வெளியில் காரில் உட்கார்ந்து போன் பார்க்காதே, உள்ளே வரிசையில் நில். அவனுக்கு என்ன வயது, என்ன வகுப்பு என்று கேட்டேன், உனக்குத் தெரியவில்லை. பேரும் தெரியவில்லை. அதையும் கேட்டு எனக்குச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பொதிகை ரயிலில் எனக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஊசிக்கு நானும் வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொள்கிறேன், அரைக் கிலோ அந்தப் பையனுக்கு. உனக்குக் கால் கிலோ. சீசருக்கு இனிப்பு ஆகாது.

அன்புடன்,
அம்மா