செல்போன் கோபுரம் பற்றிய மனு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு மாடியின் மேல் செல்போன் கோபுரம் அமைவதை எதிர்த்து நீங்கள் கொடுத்த மனுவை முழுவதும் படித்தேன். "பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்தால் யார் பொறுப்பு?" என்று அதில் கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

எக்ஸ்ரே கதிருக்கு மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் உண்டு. செல்போன் அலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. உடல் திசுவைச் சற்றுச் சூடாக்கும் என்பதே உறுதியாகத் தெரிந்த விளைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை 2பி பிரிவில் சேர்த்ததை மனுவில் சுட்டியிருக்கிறீர்கள். உண்மை. ஆதாரம் குறைவு, ஆனாலும் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது என்னும் நிலையில் உள்ளவற்றுக்கான பிரிவு அது. பின்னர் அந்நிறுவனத்தின் கோரிக்கையில் 63 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்த அறிக்கை 2024இல் வெளிவந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவரவில்லை. கோபுர அலைகளுக்கான வரம்பையும் நம் நாடு 2012இல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

வரம்பு மீறப்படுகிறதா என்பதை அளந்துதான் அறிய முடியும். தொலைத்தொடர்புத் துறைக்குக் கட்டணம் செலுத்தி அளவீடு கோரலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் விண்ணப்பம் அனுப்புகிறோம். வகுப்பறைகளில் அளக்கும்போது உங்களில் இருவர் உடனிருக்க வேண்டும். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தொலைவு கூடும்போது அலையின் வலிமை விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே அடுத்த தெருக் கோபுரத்தைக் காட்டிலும் காதோடு ஒட்டிய கைப்பேசியிலிருந்தே உடலுக்கு அதிக அலை சேர்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் அது இன்னும் கூடும். அதையும் விடுங்கள். முதல் பாடவேளையிலேயே கண் சொருகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். விசாரித்தால், போர்வைக்குள் நள்ளிரவு வரை கைப்பேசி விளையாட்டு என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் ஒன்பதில் தடுமாறுகிறார்கள். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையது உட்பட, கூடத்திலேயே இருக்கட்டும். நீண்ட பேச்சுக்கு ஒலிபெருக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவீட்டுக்கு உடன்வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்